ஒரு பிராங்க் இருநூற்றுப் பத்தொன்பது ரூபாய்

பெப்ரவரி 6, 2022, ஞாயிறு

இந்த வருடம் எங்கள் வங்கி டயறி அடிக்கவில்லை. கடதாசி இறக்க டொலர் இல்லையாம். வெளிநாட்டு நாணயக் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன், டயறி கிடைக்காமல் போனது இதுவே முதல் தடவை. நாட்டில் டொலர் இல்லை என்று பேப்பரில் படித்தபோது வராத கோபம், டயறி இல்லை என்றதும் வந்தது. ஆகையால் போன வருடத்து டயறியில் வெறுமையாகக் கிடந்த பக்கங்களில் கிழமையை வெட்டித் திருத்தி எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டில் மட்டும் சுவிஸ் கலண்டர் வந்து தொங்குகிறது. பனி மூடிய மலை, அதன் கீழே ஒரு கொழுத்த மாடு. சண்டிலிப்பாயில் அந்த மாட்டை யார் பார்க்க வேண்டுமென்று தெரியவில்லை.

பக்கத்து வீடு என்றால் இவருடைய தங்கை மலர். ஒரே வளவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி, வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு ஓட்டை, பொட்டு என்போம். இவர் நாளுக்கு நாலு தரம் அதற்குள்ளால் போய் வருவார். நான் போவதில்லை. அவசரமென்றால் றோட்டால் சுற்றிப் போய்ப் படலையைத் திறந்துகொண்டு முறையாகப் போவேன். குனிந்து போவது எனக்குப் பழக்கமில்லை.

மலரின் புருஷன் புவனேந்திரன் சுவிஸில் ஒரு பேக்கரியில் மா குழைக்கிறான். போய்ப் பதினொரு வருடம். மகள் ஆரணிக்கு அப்போது ஒரு வயது. இடையில் இரண்டு தரம் மூன்று கிழமை லீவில் வந்தான். அவ்வளவுதான் குடும்பம்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

பெப்ரவரி 9, புதன்

பால்மா எங்கும் இல்லை. சங்கக்கடையில் இரண்டு மணித்தியாலம் நின்று ஒரு பெட்டி நெருப்புக்குச்சியோடு வந்தேன். பின்னேரம் இவருக்கு வெறும் தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். ஆள் இல்லை. பொட்டால் போய்த் தங்கச்சி வீட்டில் பால்தேத்தண்ணி குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு வருகிறார். கையில் ஒரு சுடுதண்ணிப் போத்தல்.

"உமக்கும் தந்து விட்டவள். ஆறமுன்னம் குடியும்."

சுவிஸில் இருந்து பார்சலில் வந்த பால்மா. மணம் மூக்கைத் துளைத்தது. இவர் குளிக்கப் போனதும் பின்வளவுச் செம்பரத்தை அடியில் ஊற்றிவிட்டேன். போத்தலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன், நன்றி சொல்லி.

நான் பொறாமைப்படுகிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. எனக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை.

பெப்ரவரி 13, ஞாயிறு

காஸ் வரிசை. ஆட்கள் நிற்பதில்லை, சிலிண்டர்கள் நிற்கின்றன. ஒன்றோடொன்று சங்கிலி போட்டுப் பூட்டி, ஒவ்வொன்றின் மேலும் வீட்டுக்காரர் பெயர் சோக்கால் எழுதியிருக்கிறது. எங்களுடையதற்கு முன்னால் மலருடையது. கல்யாண வரிசையில் நிற்பது போல அது பளபளப்பாக நிற்கிறது. பெயரைக்கூட வடிவான எழுத்தில் எழுதியிருக்கிறாள். படிக்கிற காலத்தில் இந்தக் கவனம் இருந்திருந்தால் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் இரண்டு முறை சறுக்கியிருக்க மாட்டாள். நான் புதுப் பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்தபோது வட்டிக் கணக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அரை மணி நேரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "உனக்கு இது ஏறாது, விடு" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

பின்னேரம் அவள் பொட்டால் ஓடி வந்தாள். ஓடித்தான் வந்தாள், நாற்பது வயதில்.

"மச்சாள்! அவர் வாறாராம்!"

"லீவிலயோ?"

"இல்லை மச்சாள், ஒரேயடியா! சித்திரை வருசத்துக்கு நிக்கிறாராம். அங்க வேலையை விடுறதுக்குக் கடிதமும் குடுத்திட்டாராம். சந்தியில அந்தப் பூட்டின கடையை எடுத்து பேக்கரி போடப்போறம். இருபத்தெட்டாயிரம் பிராங்க் சேர்த்து வைச்சிருக்கிறார். உங்கட பாங்குக்குத்தான் வருது."

சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சீறினாள். இவரும் கண்ணைத் துடைத்தார். நான், "நல்லது, மின் போறணை வாங்கப் போறியளோ, விறகுப் போறணையோ?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

மின் போறணைதானாம், பாண், பணிஸ் எல்லாம் சுடுகிற அடுப்பு. இத்தாலியில் செய்தது. கொழும்பில் ஒரு ஆள் இறக்கித் தருவாராம்.

பதினொரு வருடமாக நான் மனதுக்குள் ஒரு தராசு வைத்திருந்தேன். அவளுக்குக் காசு, எனக்குப் புருஷன் பக்கத்தில். அவளுக்குப் பிள்ளை, எனக்கு உத்தியோகம். ஒருமாதிரி நேராக நின்றது. இனி அவளுடைய தட்டில் எல்லாம் இருக்கும். வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், சரி.

பெப்ரவரி 19, சனி

காஸ் கிடைக்கவில்லை. மலருடைய சிலிண்டரோடு முடிந்துவிட்டது.

பெப்ரவரி 25, வெள்ளி

புவனேந்திரனின் இருபத்தெட்டாயிரம் பிராங்க் இன்று மலரின் வெளிநாட்டு நாணயக் கணக்கில் விழுந்தது. நானே பதிந்தேன்.

ஒவ்வொரு நாளும் காலையில் கவுண்டருக்கு மேலே உள்ள பலகையில் விலை எழுதுவது என் வேலை. டொலர் இருநூற்று மூன்றுக்குக் கீழே. பிராங்க் இருநூற்றுப் பத்தொன்பதைச் சுற்றி. மாதக்கணக்காக ஏறக்குறைய இதே இலக்கங்கள்தான், அழித்து அழித்து அதையே எழுதுகிறேன். வெளியில் கள்ளமாகக் காசு மாற்றுகிற உண்டியல்காரன் எவ்வளவோ கூடத் தருகிறான். அரசாங்கம் விலையை அமுக்கிப் பிடித்திருக்கிறது, பந்தைக் கிணற்றுத் தண்ணீருக்குள் அமுக்குகிற மாதிரி. கை எப்போது சோரும் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மனேச்சர் மயூரன், என்னை விடப் பன்னிரண்டு வயது இளையவர், அந்தக் கதிரையில் யார் இருந்திருக்க வேண்டுமென்பது வேறு கதை, எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: கணக்குகளில் சும்மா கிடக்கிற வெளிநாட்டுக் காசை ரூபாயாக மாற்றும்படி வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாம். எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது, இறக்க டொலர் இல்லை. எந்தக் கிளை கூட மாற்றித் தருகிறதோ அதற்குப் பாராட்டாம்.

சனத்துக்குள் வேறு கதை ஓடுகிறது. கணக்கில் வைத்திருக்கும் வெளிநாட்டுக் காசை அரசாங்கம் ஒருநாள் எடுத்துக்கொண்டு ரூபாயை நீட்டிவிடுமாம். வதந்திதான். ஆனால் வதந்தி என்று யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும்?

மார்ச் 1, செவ்வாய்

சிவராத்திரி. வங்கி லீவு. விரதம். பின்னேரம் கோயிலடியில் மலர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சாள், அந்தக் காசை என்ன செய்யிறது? கொழும்பு ஆள் சொல்லுறார், போறணைக்கு அவர் காசு கட்டுற அண்டைய விலைதானாம், டொலர்க் கணக்கிலயாம். பங்குனி முடிவிலதான் கட்டோணும். இவர் சொல்லுறார் மாத்தாத, கொஞ்சம் பொறு எண்டு. சனம் சொல்லுது எடுத்துப்போடுவாங்கள் எண்டு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

புவனேந்திரன் சொல்வதுதான் சரி. செலவு வெளிநாட்டு விலையில் இருக்கிறதென்றால் காசும் வெளிநாட்டுக் காசாகவே இருக்க வேண்டும். இது பாலபாடம். ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

மார்ச் 3, வியாழன்

காலையில் மனேச்சர் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு விஷயம் சொன்னார். அலுவலக விஷயங்களை நான் இங்கே எழுதுவதில்லை.

பின்னேரம் மலர் வீட்டுக்குப் போனேன். றோட்டால் சுற்ற நேரமில்லை, மழையும் தூறியது. பொட்டால் குனிந்து போனேன். சேலைத் தலைப்பு கிடுகில் கொழுவிக் கிழிந்துவிட்டது.

அவள் அடுப்படியில் இருந்து எழும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடிப்போய்க் கதிரையைத் துடைத்தாள். புதுக் கோப்பை எடுத்தாள். பால்தேத்தண்ணி குடித்தேன். குடிக்காவிட்டால் நன்றாக இராது.

"மலர், நாளைக்குக் காலமை வந்து அந்தக் காசை மாத்து. வைச்சிருக்காத. கதையள் சரியில்லை."

"முழுக்கவோ மச்சாள்?"

"முழுக்க."

"போறணைக்கு?"

"ரூபாயில கட்டு. அவன் வாங்குவான் தானே. பிறகு கணக்கையே பிடிச்சு வைச்சாங்கள் எண்டால் பேக்கரியும் இல்லை, ஒண்டும் இல்லை."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் சொன்னால் சரி" என்றாள்.

மார்ச் 4, வெள்ளி

பத்து மணிக்கு வந்தாள், பட்டுச் சேலை உடுத்து. படிவத்தை நானே நிரப்பினேன். கையெழுத்துப் போட்டாள். இருபத்தெட்டாயிரம் பிராங்க், இருநூற்றுப் பத்தொன்பது படி, அறுபத்தொரு லட்சத்துச் சொச்சம் ரூபாய். அத்தனை சைபரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மனேச்சர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தது போல இருந்தது. பிறகு, "குட் வேர்க், மிஸ்" என்றார்.

வீட்டுக்கு வந்து கிழிந்த சேலையைத் தைத்தேன்.

மார்ச் 8, செவ்வாய்

நேற்று மத்திய வங்கி அறிவித்துவிட்டது. டொலரை இருநூற்று முப்பது வரை போக விடுகிறார்களாம். பலகையில் பழைய இலக்கத்தை அழித்தேன். அழிக்க அழிக்க, நீண்ட நாள் இருந்ததால் சுவடு போகவில்லை.

மார்ச் 11, வெள்ளி

இருநூற்று முப்பதும் நிற்கவில்லை. டொலர் இருநூற்று அறுபதைத் தொட்டுவிட்டது. பிராங்க் இருநூற்று எண்பதுக்குக் கிட்ட. கவுண்டரில் மீன் சந்தைச் சத்தம். வெளிநாட்டுக் காசு வைத்திருப்பவர்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு மனுஷி தன் மகனுடைய பவுணை மாற்றிவிட்டு என் மேசையில் ஒரு சொக்லேட் வைத்துவிட்டுப் போனாள். எனக்கும் பொலிஸ்காரனுக்கும் வாத்திமாருக்கும் சம்பளம் அதே சம்பளம். பாண் விலை மட்டும் எங்களைக் கேட்காமல் ஏறிவிட்டது. யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்பார்கள். பூனை எப்போதும் நான்தானா?

மலர் பொட்டால் வந்தாள்.

"மச்சாள், கூடிட்டுதாமே?"

"கூடும், குறையும். உன்ர காசு பத்திரமாக் கிடக்கு. அதைப் பார்."

"அதுதானே" என்றாள். ஆனால் விரலை மடித்து எதையோ எண்ணிக்கொண்டு போனாள்.

மார்ச் 31, வியாழன்

இன்று பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. டொலர் முந்நூறு. கொழும்பு ஆள் போறணைக்குப் புது விலை சொல்லிவிட்டார். மாசியில் முப்பது லட்சம் என்று சொன்னது, இப்போது நாற்பத்தைந்து. அதுவும் காசு முழுவதும் கட்டினாலும் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாதாம். மா மூட்டை இரண்டு மடங்கு. சந்திக் கடைக்காரனும் முற்பணத்தைக் கூட்டிவிட்டான்.

மின்வெட்டில் மின் போறணை. அதைச் சொல்லி இவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

நான் நினைத்துப் பார்த்தேன்: காசை மாற்றாமல் விட்டிருந்தாலும் மின்வெட்டு வந்திருக்கும்தானே? மா விலை ஏறியிருக்கும்தானே? இதெல்லாம் என் கையிலா இருக்கிறது? நாட்டின் கஜானாவைக் காலி செய்தது நானா?

ஏப்ரல் 14, வியாழன்

சித்திரை வருடப் பிறப்பு. நேற்று முன்தினம் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. ஒரு நாடே கையை விரிக்கும் என்று நான் நினைத்ததில்லை.

புவனேந்திரன் வரவில்லை. வேலையை விட்டவனை அந்த முதலாளி திரும்ப எடுத்துக்கொண்டானாம், இரவு வேலைக்கு, குறைந்த சம்பளத்துக்கு, நாலு வருட ஒப்பந்தத்தில். மலர் வெள்ளையடித்து, கதவுக்குப் புதுத் திரை போட்டு, அவனுக்கென்று கட்டில்கூட வாங்கி வைத்திருந்தாள். ஆரணி புதுச் சட்டையோடு போனில் அப்பாவுக்குக் கை காட்டினாள். அவன் அங்கே தொப்பியோடு நின்றான், முகமெல்லாம் மா.

மாமியின் தங்கை வருடப் பிறப்புக் கைவிசேஷக் காசு தர வந்தவ, "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாப் போச்சே பிள்ளை" என்றா.

மலர் உடனே சொன்னாள்: "அப்பிடிச் சொல்லாதேங்கோ சின்னம்மா. மச்சாள் சொல்லி மாத்தினதாலதான் உள்ளதாவது மிஞ்சிச்சு. இப்ப அரசாங்கமே காசில்லை எண்டு கைய விரிச்சிட்டுது. கணக்கில கிடந்திருந்தால் அதோட போயிருக்கும்."

கணக்குகளை யாரும் தொடவில்லை. கிடந்திருந்தால் இன்று தொண்ணூற்றாறு லட்சம். அவளுக்கு அது தெரியாது. அல்லது தெரியாதென்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தராசு பழையபடி நேராக நிற்கிறது. நான் நினைத்தேன், நிம்மதியாக இருக்கும் என்று. என் சர்க்கரைப்புக்கையை இவருடைய தட்டுக்கு மாற்றினேன்.

மே 20, வெள்ளி

பிராங்க் முந்நூற்று எழுபது. வட்டி வீதத்தையும் ஏற்றிவிட்டார்கள். மலரின் ரூபாயை நிலையான வைப்பில் போட்டுக் கொடுத்தேன், நல்ல வட்டிக்கு. இதை அவளுக்காகத்தான் செய்தேன், யாரும் சொல்லாமல், நானாக. எழுதி வைக்கிறேன்.

சுடுதண்ணிப் போத்தல் இன்னும் வருகிறது. இப்போது தண்ணிப் பால்தான், அவளுக்கும் பார்சல் வருவதில்லை. செம்பரத்தை அடியில் ஊற்றப் போனவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஏலக்காய் போட்டிருந்தாள். முழுவதும் குடித்துவிட்டேன்.

ஜூலை 3, ஞாயிறு

பெற்றோல் இல்லை. ஸ்கூட்டியைச் சாக்கால் மூடிவிட்டு இவருடைய பழைய சைக்கிளில் வங்கிக்குப் போகிறேன். மானிப்பாய்க்குப் போய் வர ஆறு கிலோமீற்றர் மிதித்து முழங்கால் வீங்கிவிட்டது. மலர் நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, கேட்காமலேயே காலைப் பிடித்துத் தேய்த்தாள். "விடு" என்றேன். விடவில்லை.

அவளுக்கு நல்ல கை. அதற்கும் எனக்குப் பொறாமைதான். ஒருவருக்குக் கால் தேய்க்கிற போது அவள் அதை மட்டும்தான் செய்கிறாள், வேறு எதையும் மனதில் வைத்துக்கொண்டு செய்வதில்லை.

ஜூலை 24, ஞாயிறு

வேலிக்கு அந்தப் பக்கம் செங்கல் இறங்குகிறது. இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், விறகுப் போறணை கட்டுகிறாளாம், சின்னதாக, பின்வளவில். புவனேந்திரன் போனில் படம் காட்டிச் சொல்லச் சொல்ல மேசன் கட்டுகிறானாம்.

"இறக்குமதிச் சாமான் ஒண்டும் தேவையில்லை. கல்லு, களி, விறகு. கெட்டிக்காரி" என்றார்.

என்னை அவர் கெட்டிக்காரி என்று சொல்லிப் பத்து வருடம் இருக்கும்.

ஓகஸ்ட் 14, ஞாயிறு

எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

பின்னேரம் நாலு மணிக்கு மலர் பொட்டால் வந்தாள். தட்டில் துணி மூடி ஆறு பணிஸ். புதுப் போறணையில் முதல் சுட்டது. அடி கொஞ்சம் கருகியிருந்தது. இவர் ஆரணியோடு விறகு வாங்கப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் குசினி வாசலில் இருந்தோம்.

"எப்பிடி இருக்கு மச்சாள்?"

"உப்புக் காணாது" என்றேன். உண்மையில் எல்லாம் போதிய அளவு இருந்தது.

"அவருக்கும் அப்பிடித்தான் சொன்னன். அவர் சிரிக்கிறார். நாலு வருசத்தில தான் வந்து பாக்கிறாராம்." கொஞ்ச நேரம் பணிஸைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "மச்சாள், ஒண்டு சொல்லட்டே? கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் கணக்குப் பார்த்தனான். வைச்சிருந்தால் ஒரு கோடிக்கு மேல வந்திருக்கும். போறணையும் வாங்கி, கடையும் எடுத்து, அவரும் வந்திருப்பார். எனக்குக் கணக்கு ஏறாது எண்டு நீங்கள் சொன்னனியள், ஆனால் இந்தக் கணக்கு ஏறிட்டுது."

நான் பணிஸின் கருகிய அடியைச் சுரண்டினேன்.

"உங்களைக் குறை சொல்லேல்லை. நீங்கள் என்ன சாத்திரியே, அடுத்த கிழமை நடக்கிறதைச் சொல்ல? அவர் அண்டைக்கும் போனில கத்தினவர், மாத்தாத எண்டு. நான்தான் கேக்கேல்லை. ஏனெண்டு கேட்டவர். எனக்குச் சொல்லத் தெரியேல்லை." சிரித்தாள். "நான் பதினெட்டு வருசமா இந்தப் பொட்டால உங்களிட்ட வாறன். நீங்கள் ஒருக்காலும் வந்ததில்லை. அண்டைக்கு மழைக்குள்ள, சீலை கிழிய, எனக்காகக் குனிஞ்சு வந்தனியள். அவ்வளவு படிச்ச ஆள், என்ர காசு போயிடும் எண்டு பதறி வந்தா எண்டு எனக்கு நெஞ்செல்லாம் நிறைஞ்சு போச்சு. நீங்கள் அண்டைக்கு எல்லாத்தையும் கிணத்துக்குள்ள போடு எண்டு சொல்லியிருந்தாலும் போட்டிருப்பன்."

பேசாமல் இருந்திருக்கலாம். அவள் கேட்கவே இல்லை. இன்னும் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்திருந்தால் அவள் எழும்பிப் போயிருப்பாள், நாளைக்கும் வந்திருப்பாள்.

"எனக்குத் தெரியும் மலர்" என்றேன்.

"என்ன மச்சாள்?"

"அண்டைக்கு வியாழக்கிழமை காலமை மனேச்சர் சொன்னவர். கொழும்பில ஆரோ அவருக்குச் சொன்னதாம், அடுத்த கிழமை டொலர் விலையை ஏற விடப்போறாங்கள் எண்டு. வாடிக்கையாளருக்கு வாய் திறக்கக் கூடாது எண்டும் சொன்னவர். வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். அதுதான் சட்டம். நான் வந்து மாத்தச் சொன்னனான்."

அவள் முகத்தில் உடனே ஒன்றும் மாறவில்லை. வட்டிக் கணக்கைச் சொன்னபோது பார்த்த அதே பார்வை.

"வியாழக்கிழமையோ? நீங்கள் பொட்டால வந்த அண்டைக்கோ?"

"ஓம்."

"வரமுன்னமே தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் மச்சாள்?"

உன்னிடம் எல்லாம் இருக்கப் போகிறதே என்று தாங்க முடியவில்லை. இதைச் சொல்ல வாயெடுத்தேன், வந்தது வேறு: "எனக்குத் தெரியேல்லை." அந்த நேரத்திலும் பொய்.

மலர் எழும்பினாள். வாசலில் கிடந்த பழைய பேப்பரை விரித்து, மிச்சப் பணிஸ்களை அதில் கவிழ்த்து வைத்தாள். வெறும் தட்டை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அண்ணாவுக்குச் சொல்லாதேங்கோ. அந்த மனுசன் தாங்காது" என்றாள். போகும்போது பொட்டால் போகவில்லை. முன்பக்கம் வந்து, படலையைத் திறந்து, றோட்டால் சுற்றிப் போனாள். கொளுக்கியைக்கூட முறையாகப் போட்டுவிட்டுப் போனாள்.

ஓகஸ்ட் 15, திங்கள்

பலகையில் பிராங்க் முந்நூற்று எழுபத்தெட்டு என்று எழுதினேன். எழுபத்தெட்டை இரண்டு தரம் அழித்து எழுதினேன். மனேச்சர் சுகமில்லையா என்று கேட்டார்.

ஓகஸ்ட் 16, செவ்வாய்

காலையில் பார்த்தேன். பொட்டை அடைத்துவிட்டாள். புதுப் பச்சைக் கிடுகு, நாலு வரிசை. முடிச்செல்லாம் அவள் பக்கம்.

"ஏன் அடைச்சவள்?" என்று இவர் கேட்டார்.

"நாய் வந்து போறணையடியைக் கிளறுதாம்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார். பின்னேரம் செருப்பைப் போட்டுக்கொண்டு, படலையைத் திறந்து, றோட்டால் சுற்றித் தங்கச்சி வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார். நான் குசினி வாசலில் இருந்தேன். ஆறு மணிக்குத் திரும்பி வந்தார், மீசையைத் துடைத்துக்கொண்டு.

கையைப் பார்த்தேன். போத்தல் இல்லை.